ஒரு புள்ளிக்கு 15 சென்ட்

ஆரணிக்கு விடியற்காலையில் போய்ச் சேர்வதுதான் சரி. நெசவாளர் தெருக்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே பாவு கட்டிவிடுவார்கள். தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் முளை அடித்து, பட்டு இழைகளை நீள இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டே நடப்பார்கள். வெயில் சுள்ளென்று அடிப்பதற்குள் வேலை முடிந்து பாவு சுருட்டப்பட்டுவிடும். ஒன்பது மணிக்கு வருகிறவருக்கு அது வெறும் தெரு. உள்ளே குழித்தறியின் சத்தம் மட்டும் கேட்கும்.

ஊருக்கு வெளியே வந்தால் இன்னொரு ஆரணி. அரிசி ஆலைகளின் புகைபோக்கிகள், அவித்த நெல்லின் வாசனை, சிமென்ட் களத்தில் காலால் கோடு இழுத்துக்கொண்டு நெல்லைத் திருப்பிவிடும் ஆட்கள். சென்னை மளிகைக் கடைகளில் 'ஆரணி அரிசி' என்று எழுதி வைத்தால் தனியாக விளம்பரம் தேவையில்லை. புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலையும், பேர் சொல்லி விற்கும் அரிசியும் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். பட்டுப் பாவுக்குக் கஞ்சியும் அரிசியிலிருந்துதான் என்பதால் இரண்டுக்கும் உறவுமுறை கூட உண்டு.

இந்த ஊரையும் இதன் வயல்களையும் வானத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? கேள்வி வேடிக்கைக்காகக் கேட்டதல்ல. பயிர்க் காப்பீடு பற்றிய வாசகர் கேள்விகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சந்தேகம் இது: "சாட்டிலைட்டில் பார்த்தோம், உங்கள் ஊரில் பெரிய சேதம் இல்லை என்கிறார்கள். அது என் வயலைப் பார்த்ததா, பக்கத்து வயலைப் பார்த்ததா?" இதற்குப் பதில் தேடிப் போனால், தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் செய்து அனுப்பிய சின்னஞ்சிறு செயற்கைக்கோள்களின் கதை நடுவே வந்து நிற்கும். ஆரணித் தறியும் அதில் வரும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஏரிக்கு அந்தப் பக்கம்

முதலில் ஊரின் அமைப்பு. ஆரணி கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறந்து, படவேடு பக்கம் செண்பகத்தோப்பு அணையைக் கடந்து வரும் ஆறு. வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை கொட்டினால் மட்டும் ஆறாக நடந்துகொள்ளும். அதனால் பாசனத்துக்கு நம்பியிருப்பது ஏரியையும் கிணற்றையும். திருவண்ணாமலை மாவட்டம் முழுக்க இதே நிலைதான். ஒரு ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு.

நெல்லுக்கு இங்கே மூன்று பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. மேட்டு நிலத்தில் நிலக்கடலை. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது மணிலா அல்லது மல்லாட்டை. நிலக்கடலை என்று சொன்னால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் ஏமாறும் இன்னொரு இடம் 'ஆரணி ரோடு' ரயில் நிலையம். அது ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. களம்பூரும் அரிசிக்குப் பேர் போன ஊர்தான்.

1751-ல் கிளைவின் படை இங்கே ஒரு சண்டை போட்டது என்று சரித்திரப் புத்தகத்தில் வரும். இன்று கோட்டைப் பக்கம் போகிறவர்கள் குறைவு. சேலைக் கடைக்குப் போகிறவர்களே அதிகம்.

நெசவாளர் குடும்பம் வேறு, விவசாயக் குடும்பம் வேறு என்று இங்கே கோடு கிழிக்க முடியாது. சுற்றுக் கிராமங்களில் வீட்டுக்குள் தறியும், ஏரிக்குக் கீழே அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் நஞ்சையும் வைத்திருப்பவர்கள் உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் தறி நிற்கும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயக் கைப்பற்றின் சராசரிப் பரப்பு 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி முக்கால் ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஏரிக்கரையில் 30 சென்ட், கிணற்றடியில் 50 சென்ட், அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் வந்த 20 சென்ட் என்று சிதறிக் கிடக்கும். இந்தத் துண்டுகளின் அளவை மனதில் வைத்துக்கொண்டால்தான் மேலே சொல்லப்போகும் கணக்கு புரியும்.

அட்டை குத்தத் தெரிந்தவருக்குப் படம் புரியும்

செயற்கைக்கோள் படம் என்றால் என்ன என்பதைப் பொறியியல் கல்லூரியைவிட ஆரணியில் ஒரு டிசைன் போடுகிறவரின் மேசையில் எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். சேலைக் கரையில் ஒரு மயில் வர வேண்டும் என்றால், முதலில் அந்த மயிலைக் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கணக்கு. கட்டம் நிரப்பப்பட்டிருந்தால் அந்த இடத்தில் ஜரிகை தெரியும். காலியாக இருந்தால் பட்டு தெரியும். பாதிக் கட்டம் என்று ஒன்று கிடையாது. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அந்த அட்டை சுற்றும்போது, துளை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் விட்டுவிடும். பிரான்சின் லியோன் நகரில் 1804-ல் ஜாக்கார்டு என்பவர் அமைத்த முறை. 'துளை உண்டு, துளை இல்லை' என்ற இதே கணக்குதான் பின்னாளில் கம்ப்யூட்டருக்கும் வழி காட்டியது.

மயிலின் கண் எப்படி வரும் என்பது கட்டத்தின் அளவைப் பொறுத்தது. கட்டம் பெரிதாக இருந்தால் கண் என்று தனியாக ஒன்றைக் காட்ட முடியாது. தலை முழுவதுமே ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். கட்டம் சிறிதானால் கண்ணும் வரும், கண்ணுக்குள் கருவிழியும் வரும். ஆனால் அட்டைகள் கூடும், வேலை கூடும், கூலி கூடும்.

செயற்கைக்கோள் படமும் இப்படிக் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தைப் புள்ளி என்கிறார்கள். தரையில் ஒரு புள்ளி எத்தனை மீட்டருக்கு எத்தனை மீட்டர் என்பதே அந்தக் கேமராவின் கூர்மை. அந்தப் புள்ளிக்குள் நெல் இருக்கலாம், வரப்பு இருக்கலாம், வரப்பு மேல் நிற்கும் பனைமரம் இருக்கலாம், பம்புசெட் கொட்டகை இருக்கலாம். எல்லாம் கலந்து ஒரே நிறமாகத்தான் படத்தில் வரும். பூமியைப் பார்க்கும் பல கேமராக்கள் ஒரே கிளிக்கில் படம் எடுப்பதில்லை. செயற்கைக்கோள் நகர நகர ஒவ்வொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போகும். நாடா ஒரு முறை போய்வர ஒரு ஊடை சேருவதுபோல.

குமாரகோவிலிலிருந்து ஒரு 15 கிலோ

ஆரணியிலிருந்து தெற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் போனால் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை. அதை ஒட்டி வேளிமலை அடிவாரத்தில் குமாரகோவில். முருகன் கோயிலால் பேர் பெற்ற இந்த ஊரில் இருக்கும் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். பெயர் நியுசாட். எடை 15 கிலோ, ஏறக்குறைய ஒரு சின்னச் சிப்பம் அரிசி. 2017 ஜூன் 23 காலை 9.29 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-38 ராக்கெட் அதைத் தூக்கிச் சென்றது. அந்த ராக்கெட்டில் மொத்தம் 31 செயற்கைக்கோள்கள். தலைமைப் பயணி 712 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோள். மற்றவற்றில் 29 வெளிநாடுகளுடையவை. மீதி ஒன்று குமாரகோவிலின் 15 கிலோ. 505 கிலோமீட்டர் உயரத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டது.

அதன் வேலை என்ன என்று சொல்லும்போது, பயிர்களைக் கண்காணிப்பதற்கும் பேரிடர் நேரத்தில் உதவுவதற்கும் பல நிறப் படங்கள் எடுக்கும் என்றார்கள். கேமராவின் கூர்மை 25 மீட்டர். அதாவது ஒரு புள்ளி 25 மீட்டருக்கு 25 மீட்டர். 625 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 15 சென்ட்டும் கொஞ்சமும்.

ஒரு ஏக்கர் நெல் வயல் என்றால் ஆறரைப் புள்ளி. ஏரிக்கரையில் இருக்கும் அந்த 30 சென்ட் துண்டு என்றால் இரண்டே புள்ளி. அதிலும் ஒரு சிக்கல். படத்தின் கட்டங்கள் நம் வரப்பைப் பார்த்து விழுவதில்லை. அவை தன் போக்கில் விழும். ஆகவே அந்த இரண்டு புள்ளியிலும் பாதி பக்கத்து வயலாக இருக்கும். பக்கத்து வயல் மேட்டில் இருந்து பயிர் தப்பித்திருந்தால், பள்ளத்தில் மூழ்கிய பயிரும் படத்தில் பாதி பச்சையாகத்தான் தெரியும்.

இது மாணவர்கள் செய்தது, அதனால்தான் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. 2011-ல் இஸ்ரோ அனுப்பிய ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோளின் எடை 1,206 கிலோ. நாட்டின் பயிர்ப் பரப்பு மதிப்பீட்டுக்கு வருடக்கணக்கில் பயன்பட்ட அதன் லிஸ்-3 கேமராவின் கூர்மை 23.5 மீட்டர். 15 கிலோவுக்கும் 1,206 கிலோவுக்கும் புள்ளியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை!

பிறகு அந்த ஆயிரத்துச் சொச்சம் கிலோ எதற்கு? ஆடாமல் அசையாமல் நிற்பதற்கு, ஒரே ஓட்டத்தில் 141 கிலோமீட்டர் அகலத்தைப் படம் பிடிப்பதற்கு, கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பதிவு செய்வதற்கு, எடுத்த படங்களை மலைமலையாகத் தரைக்கு அனுப்புவதற்கு, வருடக்கணக்கில் உழைப்பதற்கு. சின்னச் செயற்கைக்கோளில் அதற்கெல்லாம் இடம் இல்லை. அது ஒரு இடத்துக்கு மேலே வந்து போவது ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்குள். நொடிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் தரையைக் கடக்கிறது. ஆரணியிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் போகும் தூரத்தை ஆறு நொடிக்குள் தாண்டிவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் கல்லூரியின் தரை நிலையம் அதனுடன் பேசி, தகவலை இறக்கிக்கொள்ள வேண்டும்.

பழகுவதற்கு ஒரு தறி

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதில் முன்னோடிகள் என்று தாராளமாகச் சொல்லலாம். 2009 ஏப்ரல் 20 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட் மேலே போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது. அது பூமியைப் பார்க்கப் போகவில்லை. ஓரிடத்தில் செய்தியை வாங்கி வைத்துக்கொண்டு இன்னோரிடத்தில் கொடுக்கும் தபால்காரர் வேலை. 2012 ஏப்ரலில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோனது.

பூமியைப் பார்க்கும் முயற்சி 2010 ஜூலை 12 அன்று வந்தது. கர்நாடகம், ஆந்திரத்தைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த ஸ்டுட்சாட். எடை ஒரு கிலோ கூட இல்லை, 950 கிராம். கூர்மை 90 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு புள்ளிக்கு இரண்டு ஏக்கர்! தமிழ்நாட்டின் சராசரி விவசாயி தன் நிலம் முழுவதையும் கொண்டுபோய் வைத்தாலும் அந்தக் கேமராவில் ஒரு புள்ளி நிரம்பாது.

அடுத்த வருடம், 2011 அக்டோபர் 12 அன்று ஒரே ராக்கெட்டில் இரண்டு மாணவர் செயற்கைக்கோள்கள். ஒன்று காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 10.9 கிலோ எஸ்.ஆர்.எம்.சாட். காற்றில் இருக்கும் கரியமில வாயுவையும் நீராவியையும் அளக்கப் போனது. 2016 ஜூன் 22 அன்று போன சத்யபாமா பல்கலைக்கழகத்தின் ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோளுக்கும் ஏறக்குறைய அதே வேலைதான். இன்னொன்று கான்பூர் ஐ.ஐ.டி. மாணவர்களின் ஜுக்னு. இந்தியில் ஜுக்னு என்றால் மின்மினி. மூன்று கிலோ எடைதான் என்றாலும் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஏனென்றால் இதன் கேமரா பார்த்தது அண்மை அகச்சிவப்பு ஒளியை.

பயிர் நன்றாக இருக்கிறதா என்று வானத்திலிருந்து கண்டுபிடிக்கும் சூட்சுமம் அந்த ஒளியில்தான் இருக்கிறது. பச்சை இலை சூரிய ஒளியில் உள்ள சிவப்பை உணவு தயாரிக்க உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. இலை ஆரோக்கியமாக இருக்க இருக்க இந்த இரண்டுக்கும் இடைவெளி அதிகம். உதாரணத்துக்கு, நூற்றுக்கு அகச்சிவப்பு 50, சிவப்பு 5 திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 45, கூட்டுத்தொகை 55. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 0.82. செழிப்பான பயிர். அதே வயல் காய்ந்து அகச்சிவப்பு 30, சிவப்பு 20 என்று வந்தால் 10-ஐ 50-ஆல் வகுத்து 0.2. இதைத்தான் பசுமைக் குறியீடு, என்.டி.வி.ஐ. என்றெல்லாம் சொல்கிறார்கள். காப்பீட்டு அதிகாரி வைத்திருக்கும் அறிக்கையில் இந்த எழுத்துகள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு கழித்தல், ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான்.

இந்த மாணவர் செயற்கைக்கோள்களால் ஆரணி விவசாயிக்கு நேரடியாக என்ன கிடைத்தது என்று கேட்டால், நேர்மையான பதில்: வயலுக்கு வந்து சேர்ந்தது எதுவும் இல்லை. 2017-ல் 'இனி விண்ணிலிருந்து பயிரைக் கண்காணிக்கலாம்' என்ற தோரணையில் எழுந்த உற்சாகம் கொஞ்சம் அதிகம்தான். ஒற்றைச் செயற்கைக்கோள், சின்னக் கேமரா, பத்து நிமிடப் பேச்சு. இதை வைத்து ஒரு மாவட்டத்தின் நெல்லைக் கூட வாரத்துக்கு வாரம் பார்த்துச் சொல்ல முடியாது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அனுப்பியவற்றில் கணிசமானவை மேலே போனதும் பேச்சு மூச்சின்றிப் போயிருக்கின்றன.

ஆனால் ஆரணியில் யாரும் முதல் நாளே முகூர்த்தப் பட்டில் கை வைப்பதில்லை. இழை முடிச்சுப் போடுவதில் ஆரம்பித்து, சாதா உடல் நெய்து, கரை நெய்து, அதற்குப் பிறகுதான் முந்தானை. மாணவர் செயற்கைக்கோள் என்பது அப்படிப் பழகுவதற்கான தறி. பழகியவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கும் கண்முன்னே சாட்சி இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் இரண்டு பேராசிரியர்கள் மாணவர்கள் செய்து பார்ப்பதற்காகப் பத்து சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி என்று ஒரு அளவு வகுத்தார்கள். அந்தப் பெட்டிகள் மூன்றை அடுக்கிய அளவில் கேமரா செய்து விற்கும் நிறுவனங்கள் பிறகு வந்தன. நியுசாட் போவதற்கு நான்கு மாதம் முன்பு, 2017 பிப்ரவரி 15 அன்று, அதே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ராக்கெட்டில் போன 104 செயற்கைக்கோள்களில் 88 அமெரிக்க நிறுவனம் ஒன்றுடையவை. ஒவ்வொன்றும் சுமார் 5 கிலோ. அவற்றின் கூர்மை 3 முதல் 4 மீட்டர். ஒரு ஏக்கருக்கு ஆறரைப் புள்ளி போய், 250 புள்ளிக்கு மேல் வந்துவிட்டது. மயிலின் கண் தெரிகிறது. படத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

கார்த்திகை மேகத்துக்கு மேலே

புள்ளி எவ்வளவு சிறிதானாலும் ஆரணியில் தீராத ஒரு பிரச்னை மேகம். இங்கே சம்பா நிற்பது வடகிழக்குப் பருவமழையில். காப்பீடு தேவைப்படுவதும் அந்த மழையில்தான். ஏரி உடைந்து, கலங்கல் மறுகால் பாய்ந்து வயலில் தண்ணீர் நிற்கும் அந்த நான்கைந்து நாளில் வானம் மூடிக் கிடக்கும். கேமரா வைத்த செயற்கைக்கோளுக்கு வெள்ளை மேகத்தைத் தவிர எதுவும் தெரியாது. வானம் வெளுத்துப் படம் எடுக்கும்போது தண்ணீர் வடிந்திருக்கும். அழுகிய தூரிலிருந்து புதுப் பச்சை கிளம்பியிருந்தால் படம் அதையும் பசுமை என்றே சொல்லும். நவரைப் பயிருக்கு இந்தத் தொல்லை குறைவு. அப்போது வானம் பெரும்பாலும் திறந்திருக்கும்.

இதே மழைதான் தறியையும் நிறுத்துகிறது. குழித்தறியின் குழிக்குள் ஈரம் ஊறிவிடும். தெருவில் பாவு போட முடியாது. வீட்டில் தறியும் ஏரிக்குக் கீழே வயலும் வைத்திருப்பவருக்கு இரண்டு வருமானமும் ஒரே வாரத்தில் நிற்கும்.

மேகத்தைத் தாண்டிப் பார்ப்பது ரேடார். அது சூரிய ஒளியை எதிர்பார்க்காது. தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும். தேங்கிய தண்ணீர் கண்ணாடி போல அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். நட்ட பயிர் தூர் கட்டி வளர வளர அதே இடம் வெளுத்துக்கொண்டே வரும். நெல்லுக்கு மட்டும்தான் இப்படிக் கறுப்பில் ஆரம்பித்து வெளுக்கும் குணம் என்பதால் நெல் வயலைத் தனியாகப் பிரித்துவிட முடிகிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளிட்ட அமைப்புகளுடன் சேர்ந்து 'ரைஸ்' என்ற திட்டத்தில் இந்த முறையில்தான் தமிழ்நாட்டின் நெல் பரப்பையும் விளைச்சலையும் மதிப்பிட்டது. இஸ்ரோவிடமும் ரேடார் செயற்கைக்கோள்கள் உண்டு. 2022 பிப்ரவரி 14 அன்று போன இ.ஓ.எஸ்.-04 அதில் ஒன்று. 1,700 கிலோவுக்கு மேல் எடை. ரேடாருக்கு மின்சாரமும் பெரிய ஆண்டெனாவும் வேண்டும். இப்போதைக்கு அது மாணவர் பெட்டிக்குள் அடங்காத சமாச்சாரம்.

படத்தைக் கேட்டு வாங்குங்கள்

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சல் மதிப்பீட்டில் தொலையுணர்வுக்குக் குறைந்தது 30 சதவீதம் இடம் தரப்பட்டிருக்கிறது. மீதி, ஆட்கள் நேரில் வந்து அறுத்து எடை போடும் பயிர் அறுவடைச் சோதனை. ஆகவே வானத்துப் புள்ளி இப்போது வெறும் விஞ்ஞான விளையாட்டு அல்ல. விவசாயியின் கைக்கு வரும் பணத்தில் அதற்கும் பங்கு இருக்கிறது.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நெல்லுக்கு இழப்பீடு பொதுவாகத் தனி வயலுக்கு அல்ல, வருவாய்க் கிராமத்துக்குக் கணக்கிடப்படுகிறது. கிராமத்தின் சராசரி விளைச்சல் எவ்வளவு விழுந்தது என்பதுதான் கேள்வி. ஒரு கிராமத்தில் 600 ஏக்கர் நெல் என்றால் 25 மீட்டர் புள்ளியிலும் 3,800-க்கு மேல் கட்டங்கள் வரும். சராசரிக்கு அது போதும். அந்த விவசாயியின் 30 சென்ட்டுக்குப் போதாது. "சாட்டிலைட் என் வயலைப் பார்த்ததா?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: பார்த்தது, ஆனால் ஊரோடு சேர்த்துப் பார்த்தது. ஊரில் முக்கால் பங்கு மேட்டில் இருந்து தப்பித்திருந்தால், பள்ளத்துக்காரரின் நஷ்டம் சராசரியில் கரைந்துவிடும். குறை கேமராவில் இல்லை, கணக்கிடும் அலகில் இருக்கிறது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, எல்லாப் பழியையும் சாட்டிலைட் மீது போட்டு அனுப்பிவிடுவதுதான் வட்டார அளவில் நடக்கிறது. எந்தத் தேதிப் படம், எத்தனை மீட்டர் கூர்மை, மேகம் எவ்வளவு, கேமராவா ரேடாரா என்ற நான்கு விவரத்தையும் கிராம சபையில் ஒட்டிவைத்தால் பாதி சண்டை குறையும்.

அது வரும்வரை விவசாயிகள் தாங்களே பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. இஸ்ரோவின் புவன் தளத்திலும், ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களைத் தரும் கோப்பர்நிக்கஸ் தளத்திலும் காசில்லாமல் பார்க்கலாம். சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகிறது. கூர்மை 10 மீட்டர். ஒரு புள்ளி இரண்டரை சென்ட், ஏக்கருக்கு 40 புள்ளி. வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் அரை மணி நேரத்தில் பழகிக்கொள்ளும். நட்டது முதல் அறுப்பு வரை மேகம் இல்லாத நாளின் படங்களைத் தேதியோடு சேமித்து வைக்கலாம். அதே வரிசையில் அடங்கல் நகல், விதைப்புச் சான்று, சேதத்தின் கைபேசிப் படங்கள். அறுவடை செய்து களத்தில் காயும் நெல் மழையில் நனைந்தது போன்ற சேதங்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்ற விதியையும் மறக்கக் கூடாது. இணையத்திலிருந்து எடுத்த படத்தை அப்படியே சான்றாக ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் "எந்தத் தேதிப் படம்?" என்று கேட்கிறவரிடம் பேசும் தொனி வேறாக இருக்கும்.

படத்தைத் திறந்ததும் நிறத்தைப் பார்த்துத் திகைக்கக் கூடாது. அகச்சிவப்பைக் கண்ணுக்குக் காட்டுவதற்காக அதைச் சிவப்பாகப் போட்டுத் தருவார்கள். அதனால் நல்ல பயிர் அரக்குச் சிவப்பில் இருக்கும். ஏரித் தண்ணீர் கருநீலம். காய்ந்த கமண்டல நாகநதி மணல் வெள்ளை வெளேரென்று ஒரு கரை போல ஓடும். ஊர் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அதற்குள் எந்தத் தெருவில் பாவு கட்டியிருந்தது என்பதெல்லாம் தெரியாது. செயற்கைக்கோள் வரும் பத்தரை மணிக்குப் பாவைச் சுருட்டி உள்ளே எடுத்துப் போயிருப்பார்கள்.

ஆரணிக்கு மேற்கே நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் ஆடியுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கிருந்து மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி மலை ஏறிப்போகும் பள்ளிப் பிள்ளைகள் உண்டு. போகும் வழியில் பிள்ளைகளை ஒரு ஏரிக்கரையில் இறக்கி, கீழே பார்க்கும் செயற்கைக்கோள்களைப் பற்றியும் சொல்லலாம்.

தை மாதம் வானம் தெளிந்ததும் வரும் முதல் படத்தில் ஆரணியைச் சுற்றிச் சம்பா அறுப்பு எதுவரை வந்திருக்கிறது என்று தெரியும். அறுத்த வயல் வெளிர் நிறம், அறுக்காதது மங்கிய சிவப்பு. ஏரிக்குக் கீழே இன்னும் தண்ணீர் வடியாத துண்டுகள் கருத்துக் கிடக்கும். ஒவ்வொன்றும் இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. களத்துக்கு வண்டிகள் வர ஆரம்பித்திருக்கும்.